நாற்பத்தொரு பேருக்குக் கண் வந்த கதை

பெரம்பலூரில் இணையதளத்துக்குச் சாய்தளம் கட்டியது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு பங்குனியில். சிமெண்டு, ஜல்லி, இரண்டு பக்கமும் பச்சைப் பெயிண்ட் அடித்த கைப்பிடிக் கம்பி என்று நல்ல உறுதியான வேலை. வெயில் நாளில் யாராவது அதில் மிளகாய் காயப் போட்டிருப்பார்கள்.

காரணமில்லாமல் கட்டவில்லை. மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. ஊனமுற்றோர் பிறர் துணையில்லாமல் இணையதளத்தைப் பயன்படுத்த மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஏற்பாடு செய்ய வேண்டும்; செய்ததற்குப் புகைப்படம் அனுப்ப வேண்டும். ஊனமுற்றோர் மின்வழி நலத் தனி அலுவலகத்தின் உதவி இயக்குநர் ராசாங்கம் அனுபவசாலி. எந்தச் சுற்றறிக்கையையும் கடைசி வரியிலிருந்துதான் படிப்பார். கடைசி வரியில் புகைப்படம் என்று இருந்தது. இணையதளத்துக்குள் நடந்த மாறுதலைப் புகைப்படம் எடுத்தால் சும்மா ஒரு டி.வி. பெட்டி மாதிரி விழும். சாய்தளம் அப்படியில்லை, எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் சாய்தளமாகவே விழும். கணிப்பொறி அறை வாசலில் நான்கு படிகள் இருந்தன. இடித்துவிட்டார்கள்.

"சார், கண்ணு தெரியாதவங்க பயன்படுத்த முடியுதான்னு சோதிச்சு ஒரு சர்டிபிகேட்டும் கேட்டிருக்காங்க" என்றார் தட்டச்சர் மலர்க்கொடி. "அவங்கள்ல யாரையாச்சும் வரச் சொல்லலாமா சார்?"

"ஏம்மா, அவங்க பயனாளி. பயனாளியே சோதிச்சா ஆடிட்ல பிடிச்சுக்குவான். நாமதான் செய்யணும்."

மூன்று கடையில் விலைப்புள்ளி வாங்கி ஒரு முழம் கறுப்புத் துணி வந்தது. ராசாங்கம் அதைத் தன் கண்ணில் கட்டிக்கொண்டு கணிப்பொறி முன் உட்கார்ந்தார். பக்கத்தில் மலர்க்கொடி.

"சார், முதல் பக்கம் வந்திருக்கு."

"சரி."

"விண்ணப்பங்கிறதை அமுக்கவா சார்?"

"அமுக்கு."

"பேரு கேக்குது சார்."

"போடு."

ஏழு நிமிஷத்தில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது. ராசாங்கம் துணியை அவிழ்த்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "எனக்கு ஒரு சிரமமும் தெரியலையேம்மா. இதைவிட சுலபமா எவன் செய்வான்?" என்றார். நூற்றுக்கு நூறு என்று சான்றிதழ் எழுதி, பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, தனக்கே ஒரு நகல் அனுப்பிக்கொண்டார். கறுப்புத் துணி இருப்புப் பதிவேட்டில் ஏறியது.

இப்படிப் பிறந்த இணையதளத்தில் முதன்முதலாக ஒரு வேலை அறிவிப்பு வந்தது. இணையதளத்தில் தடுமாறுகிறவர்கள் போன் போட்டுக் கேட்க ஓர் உதவி மையம். அதற்கு ஒரு தொலைபேசி இயக்குநர். பார்வையற்றவருக்கே ஒதுக்கிய இடம். ஜூலை முதல் தேதியில் வயது முப்பத்தைந்து தாண்டியிருக்கக் கூடாது. விண்ணப்பத்தை இணையதளத்தில் மட்டுமே போட வேண்டும். ஜூன் முப்பது கடைசி நாள்.

பூலாம்பாடியை ஒட்டிய குக்கிராமத்துக் காசிநாதனுக்கு ஜூலை ஒன்பதாம் தேதி முப்பத்தைந்து முடிகிறது. அறிவிப்பைப் படித்துக் காட்டிய ஆள் வாயை மூடுவதற்குள் அவர் கணக்குப் போட்டுவிட்டார். இது போனால் இன்னொன்று கிடையாது.

காசிநாதனுக்குப் பிறவியிலேயே பார்வையில்லை. திருச்சியில் தங்கிப் படித்து பி.ஏ. வாங்கினார். டெலிபோன் ஆபரேட்டர் பயிற்சி முடித்தார். பின்னாளில் பேசும் கணிப்பொறியிலும் ஆறு மாதம் பழகினார். ஆனாலும் பதினாலு வருஷமாக ஆபீஸ் ஆபீஸாகப் போய் நாற்காலிக்குப் பிரம்பு பின்னிக்கொண்டிருந்தார். பிரம்பு அமுங்கிய பள்ளத்தில் கையை வைத்துப் பார்த்து எந்த அதிகாரி எவ்வளவு கனம், எவர் ஒருக்களித்து உட்கார்ந்து தூங்குகிறவர் என்று சொல்லிவிடுவார். ராசாங்கத்தின் நாற்காலியை மட்டும் மூன்று முறை பின்னியிருக்கிறார். அந்த வட்டாரத்து அதிகாரிகளை எல்லாம் உட்கார வைத்த மனிதருக்குத் தனக்கென்று ஒரு நாற்காலி வேண்டும் என்பதற்கு மேல் ஆசை கிடையாது.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அப்துல் நாசர் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். லப்பைக்குடிகாட்டுக்காரர், பதினோரு வருஷம் சவுதியில் தம்மாமில் இருந்துவிட்டுத் திரும்பியவர். அவருடைய ஒரு கணிப்பொறியில், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளைக் காசிநாதனே ஏற்றி வைத்திருந்தார். அது ஓசியில் கிடைத்த மாதிரிப் பதிப்பு. நாற்பது நிமிஷம் பேசும், அப்புறம் ஊமையாகிவிடும். கணிப்பொறியை அணைத்துப் போட்டால் மறுபடி நாற்பது நிமிஷம். தமிழ் அதற்கு வராது. இங்கிலீஷை மூக்கால் பேசும்.

இணையதளத்தின் இங்கிலீஷ் பக்கத்தைத் திறந்ததும் அது பேசத் தொடங்கியது. ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் ராசாங்கத்தின் படம். கண் தெரியாதவர்களுக்காகப் படங்களுக்கு விளக்கம் எழுத வேண்டும் என்றொரு விதி உண்டு. ராசாங்கம் அந்த விதியைத் தன் படத்துக்கு மட்டும் மனமாரக் கடைப்பிடித்திருந்தார். பிறந்த ஊர், படித்த பள்ளி, வாங்கிய கேடயங்கள், சொந்தச் செலவில் நட்ட வேப்பங்கன்றுகள் என்று அதைப் படித்து முடிக்க மென்பொருளுக்கு ஒன்பது நிமிஷம் ஆயிற்று. விண்ணப்பம் நான்கு பக்கம். நான்கு ஒன்பது முப்பத்தாறு. மிச்சமிருந்த நான்கு நிமிஷத்தில் காசிநாதன் தன் பிறப்பு, வளர்ப்பு, படிப்பு, ஊனம் எல்லாவற்றையும் அடித்து முடிக்க வேண்டியிருந்தது.

"தம்பி காசி, அந்த ஆளு பொறந்த ஊரு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சுப்பா" என்றார் நாசர், நான்காவது நாள்.

ஐந்தாவது நாள் விரல் கணக்கில் ஓடி ஓடி அடித்துக் காசிநாதன் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டார். அங்கே மென்பொருள் ஒரே ஒரு சொல் சொன்னது: "படம்." அம்புச் சாவியை மேலே ஒரு தட்டுத் தட்டினால், "கீழே படத்தில் தெரியும் எழுத்துகளை அடித்து நீங்கள் மனிதர்தான் என்று உறுதிசெய்க." கீழே ஒரு தட்டுத் தட்டினால், "படம்." ராசாங்கத்தின் படத்துக்கு ஒன்பது நிமிஷம் பேசியது இந்தப் படத்துக்கு ஒரு மூச்சு விடவில்லை.

"இங்குட்டுத் திருப்பு, நான் படிச்சுச் சொல்றேன்" என்று எழுந்தார் நாசர்.

"வேணாம் பாய். ஏழாவது விதி கேட்டீங்கள்ல? பிறர் உதவியில்லாம தானே நிரப்பணுமாம். இல்லேன்னா தள்ளுபடி. பதினாலு வருசம் பொறுத்தாச்சு, ஒரு விதியில போயி மாட்டிக்கக் கூடாது."

தோராயமாக எதையோ அடித்தார். தப்பு. இன்னொரு தடவை. தப்பு. மூன்றாவது தடவைக்குத் திரையில் வந்ததை மென்பொருள் தெளிவாகப் படித்தது. "நீங்கள் மனிதர் அல்லர். நாளை மீண்டும் முயலவும்."

"அல்லாவே" என்றார் நாசர். "நாளைக்கு ஆயிடுவியாமா?"

மறுநாள் காசிநாதன் சாய்தளத்தில் ஏறி அலுவலகத்துக்குப் போனார். ராசாங்கம் அன்பாக வரவேற்றார். நாற்காலியில் இடதுபக்கம் பிரம்பு தளர்ந்திருப்பதைச் சொன்னார். பிறகு விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"காசிநாதன், நீங்க மனுசர்தானாங்கிறதுல எனக்குச் சந்தேகமே இல்ல. கம்ப்யூட்டருக்குத்தான் சந்தேகம். அதுக்கு வாய்ப்பேச்சு செல்லாது. டாகுமெண்ட் வேணும். வி.ஏ.ஓ.கிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வந்துடுங்க."

"எதுக்குங்க சார்?"

"மனுசர்னுதான்."

அந்தக் குக்கிராமத்துக் கிராம நிர்வாக அலுவலர் வைத்திலிங்கம் மூன்று நாள் இழுத்தடித்தார். கெட்ட எண்ணமில்லை, அவரிடம் படிவம் இல்லை. "சாதிக்கு இருக்கு, வருமானத்துக்கு இருக்கு, வாரிசுக்கு இருக்கு, செத்ததுக்கு இருக்கு. இதுக்கு இதுவரைக்கும் யாருமே வந்து நிக்கலயேப்பா" என்றார். கடைசியில் ஊரில் நான்கு பேரைக் கூப்பிட்டு விசாரித்தார். காசிநாதனின் பங்காளி ஒருவர் மட்டும் எல்லைத் தகராறை மனத்தில் வைத்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றேன்" என்று போய்விட்டார். மற்ற மூவரும் மனிதர்தான் என்று கைநாட்டு வைத்தார்கள். சான்று இப்படி வந்தது: "மேற்படியார் என் நேரடி விசாரணையில் மனிதர் என்றும், கடந்த முப்பத்து நான்கு ஆண்டுகளாகத் தொடர்ந்து மனிதராகவே இருந்து வருகிறார் என்றும் தெரியவருகிறது. இச்சான்று ஆறு மாதங்களுக்கு மட்டும் செல்லும்."

அதை எடுத்துக்கொண்டு காசிநாதன் அலுவலகத்துக்கு ஓடினார். மலர்க்கொடி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். இதை இணையதளத்துக்குள் எப்படிப் போடுவது என்று அவருக்கும் தெரியவில்லை. அலுவலகக் கணிப்பொறியின் நெற்றியில் பசைநாடாவால் ஒட்டிவைத்தார்.

"இப்ப அதுக்குத் தெரிஞ்சிருக்கும் சார்" என்றார்.

தெரியவில்லை. ஜூன் முப்பது சாயங்காலம் நான்கு மணி வரைக்கும் காசிநாதன் மனிதராகவில்லை. ஐந்து மணிக்கு இணையதளம் கதவை மூடிவிடும். மூன்றாவது முறை தவறினால் நாளைக்குத்தான். நாளை என்பது இந்த விஷயத்தில் கிடையாது. நாசர் கடையில் மென்பொருள் வேப்பங்கன்றுகளைச் சொல்லி முடித்து, "படம்" என்றது.

காசிநாதன் சாவிப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பாய்."

"சொல்லு தம்பி."

"என்ன எழுத்து போட்டிருக்கு?"

நாசர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். "கே. ஏழு. டபிள்யூ. அடுத்து ஒண்ணு மல்லாக்கப் படுத்திருக்கு, எம்மா இருக்கும். கடைசி எழுத்து புழு மாதிரி நெளியுது. எஸ்ஸா அஞ்சான்னு புரியல. கண்ணு உள்ள எனக்கே மனுசன்னு நிரூபிக்க வேர்க்குதுப்பா."

"எஸ்ஸுன்னு வச்சுக்கவா?"

"பிஸ்மில்லான்னு அமுக்கு."

அமுக்கினார். "வாழ்த்துகள். தங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. எண் நாற்பத்தொன்று." நாசர் கல்லாவை விட்டு எழுந்துபோய் மூன்று டீ வாங்கிவந்தார். இரண்டு பேருக்கு எதற்கு மூன்று என்று கேட்டதற்கு, கணிப்பொறிக்கும் ஒன்று என்றார்.

ஆகஸ்ட்டில் விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. காசிநாதன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். நேர்முகத் தேர்வு என்று நினைத்துக்கொண்டு, போன் எடுத்துப் பேசும் முறையைப் பஸ்ஸிலேயே இரண்டு தடவை சொல்லிப் பார்த்திருந்தார்.

ராசாங்கம் கோப்பைத் திறந்தார். "காசிநாதன், ஒரு சின்ன சங்கடம். உங்க விண்ணப்பத்துல அந்தப் பட எழுத்தை ஒண்ணுகூடப் பிசகாம அடிச்சிருக்கீங்க."

"ஆமாங்க சார்."

"கண்ணு தெரியாதவரு படத்தைப் பார்த்து எழுத்தைச் சொல்ல முடியுமா?"

"முடியாதுங்க சார்."

"நீங்களே சொல்றீங்க. எழுதிக்கம்மா மலர்க்கொடி. அப்ப உங்களுக்குக் கண்ணு தெரியுது. இது பார்வையில்லாதவங்களுக்கு ஒதுக்கின இடம். கண்ணு தெரிஞ்சுகிட்டே அதுக்குப் போட்டி போடுறது பாவம் இல்லையா?"

"சார், நாசர் பாய் படிச்சுச் சொன்னாருங்க. அவரு சொல்லித்தான் அடிச்சேன்."

"அப்படின்னா ஏழாவது விதி. பிறர் உதவி. தள்ளுபடி." ராசாங்கம் பேனாவை மூடி வைத்தார். அவர் குரலில் உண்மையாகவே பரிவு இருந்தது. "பாருங்க, நான் யாரையும் கட்டாயப்படுத்துறவன் இல்ல. தனியா நிரப்பினேன்னா கண்ணு தெரியுதுன்னு தள்ளுபடி. துணையோட நிரப்பினேன்னா விதிப்படி தள்ளுபடி. எது வேணுமோ நீங்களே தேர்ந்தெடுத்துக்கலாம். ஊனமுற்றவங்க தங்க முடிவைத் தாங்களே எடுக்கணும், அதுதான் இந்த ஆபீஸோட கொள்கை."

"சார், மூணு தடவை உங்க சேருக்குப் பிரம்பு பின்னியிருக்கேன். கைத்தடியோடதானே வந்தேன். எனக்குக் கண்ணு தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தனிப்பட்ட முறையில தெரியும்" என்றார் ராசாங்கம். "ஆபீஸ் முறையில தெரியாது."

காசிநாதன் வாயடைத்து நின்றார். மௌனம் என்றால் முதல் வகை, அதாவது கண் தெரிகிறவர் என்று மலர்க்கொடி எழுதிக்கொண்டார். விண்ணப்பித்த நாற்பத்தொரு பேருக்கும் இதே விசாரணைதான், இதே முடிவுதான். படத்தைத் தாண்ட முடியாமல் நின்றுபோனவர்கள் எத்தனை பேர் என்பது எந்தக் கோப்பிலும் இல்லை. மனிதரல்லாதவர்களை எண்ணும் வழக்கம் அலுவலகத்தில் கிடையாது. அடுத்த மாதம் நாற்பத்தொரு பேரின் ஊனச் சான்றுகளும் திரும்பப் பெறப்பட்டன. சான்று போனதும் பஸ் பாஸும் போயிற்று. "கைத்தடியை வச்சுகிட்டு நாடகம் போடுறியா, ரிக்கார்டுல உனக்குக் கண்ணு நல்லா இருக்காமே" என்று பாடாலூர் விலக்கில் ஒரு நடத்துநர் காசிநாதனை இறக்கிவிட்டார். ஆபீஸ்களில் பிரம்பு வேலையும் நின்றுபோனது. அது பார்வையற்றோருக்குத் தரும் சலுகை.

மனு மேல் மனு போட்டார். இணையதளத்தில் போடச் சொன்னார்கள். புகார்ப் பக்கத்தின் அடியிலும் அந்தப் படம் இருந்தது.

இரண்டாயிரத்து ஏழு மார்ச்சில் இணையதளத்தின் முதலாண்டு விழா. அன்றாவது ராசாங்கத்தைப் பார்த்து மனுவைக் கையில் கொடுத்துவிடலாம் என்று காசிநாதன் போனார். அலுவலகத்தில் ஈ காக்கை இல்லை. எல்லோரும் பக்கத்துக் கூடத்தில். ஒலிபெருக்கியில் ராசாங்கத்தின் குரல் மட்டும் வெற்று மேசைகளுக்கெல்லாம் கேட்டது. காசிநாதன் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"...பெரியோர்களே, ஒன்று கேட்கிறேன். எந்த இணையதளமாவது ஒரே ஆண்டில் நாற்பத்தொரு பேருக்குக் கண் கொடுத்திருக்கிறதா? அறுவைச் சிகிச்சை இல்லை, சொட்டு மருந்து இல்லை. ஒரே ஒரு படம்! நம் பகுதியில் பார்வையற்றோர் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. இப்படியே போனால் இன்னும் பத்தாண்டில் பார்வையற்றவரே இருக்கமாட்டார், இந்த அலுவலகம் மட்டும் இருக்கும்..."

கைதட்டல். அதற்கு நடுவே உள்ளறையில் போன் அடித்தது.

அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. உதவி மையத்துக்கு வாங்கிய போன். ஆள் போடவில்லையே தவிர, எண்ணை இணையதளத்தில் போட்டிருந்தார்கள். காசிநாதன் ஆறு முறை அடிக்கும்வரை எண்ணினார். பிறகு எழுந்து, சத்தத்தைப் பிடித்துக்கொண்டு மேசைகளைத் தொட்டுத் தொட்டுப் போய் எடுத்தார்.

"வணக்கம், உதவி மையம். சொல்லுங்க."

"அப்பாடா, எடுத்துட்டாங்கம்மா!" என்றது ஒரு பெண்குரல், பக்கத்தில் யாரிடமோ. பிறகு, "சார், நான் ஏலாக்குறிச்சியிலேர்ந்து சசிகலா பேசுறேங்க. எனக்குக் கண்ணு தெரியாது. பி.எட்.டுக்கு உதவித்தொகை போடுறேன். இன்னைக்குத்தாங்க கடைசி. எல்லாம் அடிச்சுட்டேன், கடைசியில படம்ங்குது. எங்கம்மாதான் பக்கத்துல இருக்காங்க, அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. கேட்டா, ஒண்ணு கொக்கி மாதிரி இருக்கு, ஒண்ணு கவுத்து வச்ச பானை மாதிரி இருக்குங்கிறாங்க. அது என்ன எழுத்துங்க சார்?"

திருச்சியில் மரத்தில் செதுக்கிய இங்கிலீஷ் எழுத்துகளைத் தடவித் தடவிப் படித்தவர் காசிநாதன். கொக்கி ஜே. கவிழ்த்த பானை என். அவருக்குத் தெரிந்துவிட்டது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"தங்கச்சி" என்றார். "நான் சொல்றதைக் கேட்டு வருத்தப்படாதே. அதைச் சரியா அடிச்சா உனக்குக் கண்ணு தெரியுதுன்னு எழுதிடுவாங்க. சர்டிபிகேட் போயிடும், பஸ் பாஸ் போயிடும். தப்பா அடிச்சா மனுசியே இல்லன்னு வந்துடும். உதவித்தொகை ரெண்டுலயும் கிடையாது."

அந்தப் பக்கம் சசிகலா அதை அம்மாவிடம் அப்படியே சொல்வது கேட்டது. அப்புறம், "அப்ப நான் எதைங்கண்ணே அடிக்கிறது?"

"எதையும் அடிக்காம எழுந்திரிச்சு வந்துடும்மா" என்றார் காசிநாதன். அவர் கொடுத்த முதல் உதவி அதுதான்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், வாசலில் சந்தன வாசனை. ராசாங்கம் மாலையோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. பின்னால் மலர்க்கொடி.

"பிரமாதம்" என்றார் ராசாங்கம். "குறிப்பெடுத்துக்கம்மா. ஒண்ணு, மேற்படியார் யார் துணையும் இல்லாம மேசைகளைத் தாண்டிப் போயி போனை எடுத்தாரு. கண்ணு முன்னைவிட நல்லாத் தேறியிருக்கு. ரெண்டு, உதவி மையம் நல்ல முறையில இயங்குது. ஆள் போடாமலே இயங்குறதால அந்தப் பணியிடம் தேவையில்லன்னு அரசுக்குத் திருப்பி ஒப்படைச்சுடலாம்."

"சார்..." என்று மனுவை நீட்டினார் காசிநாதன்.

மறுபடி போன் அடித்தது. யாரும் அசையவில்லை. ராசாங்கம் மாலையைக் கழற்றிக்கொண்டே, "எடுங்க காசிநாதன். நீங்கதானே பக்கத்துல இருக்கீங்க" என்றார்.

காசிநாதன் மனுவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எடுத்தார்.

"ஹலோ, ஆபீஸுங்களா? யாருங்க பேசுறது?"



"யாரும் இல்லீங்க" என்றார். "சொல்லுங்க."